கடிகாரம் வேண்டாம் என்றார் மனோகரன்

ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் மனோகரனுக்குச் சம்பளம் தந்தது ஒரு வேலை, பெயர் தந்தது இன்னொரு வேலை. செய்து முடித்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் டிரையல் செக்ஷனில், டிரைவர்கள் எழுதித் தரும் சோதனை அறிக்கைகளைப் படித்துப் பிழை திருத்திக் கோப்பில் சேர்ப்பது சம்பள வேலை. செக்ஷனில் யார் ஓய்வு பெற்றாலும் அவருக்குப் பரிசு வாங்கி வருவது பெயர் தந்த வேலை. இருபத்திரண்டு வருடங்களில் அறுபத்தொரு பேர் ஓய்வு பெற்றார்கள். அறுபத்தொரு பேருக்கும் சுவர்க்கடிகாரம்.

இனி காலை ஏழரைக்கு எங்கும் ஓட வேண்டியதில்லை என்று விடுதலையான மனிதருக்கு மணி காட்டும் பொருளைக் கொடுப்பதில் உள்ள முரண்பாடு அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் வாங்கினார். "கடிகாரத்துல யாரும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது" என்பது அவருடைய வாதம். புடவை என்றால் நிறத்தைப் பேசுவார்கள், குக்கர் என்றால் அளவைப் பேசுவார்கள். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு பரணில் போடுவார்கள், விஷயம் முடிந்தது. இத்தனைக்கும் அண்ணனூரில் அவர் கட்டிய சொந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் கிடையாது. பக்கத்துப் பணிமனையிலிருந்து மின்சார ரயில் கிளம்பும் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு ஒரு மதியம் கேன்டீனில், பரிசுக் கமிட்டியின் மற்ற இருவரையும் உட்காரவைத்து, "இந்தத் தடவை கடிகாரம் வேணாம்" என்றார்.

ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஹேமாவதி டிபன் பாக்ஸை மூடினார். "ஏன் சார், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சுப்பராயன் ரிடையர் ஆவறான்."

"அவருக்கு மட்டும் மணி பாக்கத் தெரியாதாண்ணே?" என்றான் ஃபிட்டர் ஜஸ்டின்.

"மணி பாப்பான்டா. அவனுக்குத் தெரியாதது வேற."

சுப்பராயனுக்குத் தெரியாதது எது என்று செக்ஷன் முழுக்கத் தெரியும். சொல்வது மட்டும் வழக்கமில்லை.

சுப்பராயன் டெஸ்ட் டிரைவர். நாற்பது டன் வண்டியைச் சேற்றில் இறக்கி மேட்டில் ஏற்றித் தேநீர் சிந்தாமல் நிறுத்துவார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஓட்டிய தூரத்தை மனோகரன் ஒருமுறை கோப்புகளிலிருந்து கூட்டிப் பார்த்தார். பூமியை நான்கு சுற்று சுற்றி வரலாம். அத்தனையும் தொழிற்சாலைக்குள் இருக்கும் ஒரே வட்டப் பாதையில் ஓட்டியது. அந்தப் பாதையில் வழி தவற வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக முயற்சி செய்ய வேண்டும். ஆகவே சுப்பராயன் ஒரு நாளும் வழி தவறவில்லை. தவறாததால் வழி கண்டுபிடிக்கவும் பழகவில்லை.

குவார்ட்டர்ஸிலிருந்து தொழிற்சாலைக்கு நடந்தே போய்வந்தவரை இது உறுத்தவில்லை. எட்டு வருடம் முன்பு ஒரு பழைய கார் வாங்கினார். அதன் பிறகுதான் ஊர் பெரியது என்று தெரிந்தது. மகள் வர்ஷா ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கியபோது, பூந்தமல்லி வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்த வீட்டுக்கு முதல் முறை கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் முறை செங்குன்றம், அதாவது நேர் எதிர்த் திசை. மூன்றாம் முறை வர்ஷாவே ஸ்கூட்டரில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து முன்னால் போக, இவர் பின்னால் போனார். மகளுக்குப் பாதுகாப்பாகப் பின்தொடர்ந்ததாக இன்றுவரை சொல்கிறார்.

வழி கேட்பதில்லை என்பது கொள்கை. மனைவி கமலம் கார்க் கண்ணாடியை இறக்கி யாரிடமாவது கேட்க வாயெடுத்தால் இவர் தன் பக்கப் பொத்தானை அழுத்தி அதை ஏற்றிவிடுவார்.

ஆறு வருடம் முன்பு மனோகரனின் புதுமனைப் புகுவிழா நடந்தது. ஆவடிக்கு அடுத்த நிறுத்தம் அண்ணனூர். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிய சுப்பராயன் பகல் இரண்டு மணிக்குப் போன் செய்து, வயிற்று வலி, வர முடியவில்லை என்றார். போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் "பூந்தமல்லீ, பூந்தமல்லீ, எறங்கு" என்று கூவிக்கொண்டிருந்தார். மனோகரன், "ஒடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். கேன்டீனில் பேசிய அன்று வரை அந்த வீட்டில் சுப்பராயன் கால் வைத்ததில்லை.

"நாலு மாசத்துல குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு ஐயப்பன்தாங்கலுக்கே குடி போறான்" என்றார் மனோகரன். "அப்புறம் அவன் ஊட்டுக்கு அவனே வழி கண்டுபிடிக்கணும். கமலம் நேத்து எங்கிட்ட வந்து சொல்லுது, கார விக்கப் போறானாம். கண்ணு சரியா தெரியலயாம். போன மாசம்தான்யா மெடிக்கல் பாஸ் பண்ணான்! பேப்பர்ல நான்தானே கையெழுத்து வாங்கினேன்? நாற்பது டன் ஓட்டினவன், ஒரு டன்னை விக்கறான். வித்துட்டா ஆளே முடிஞ்சான்."

வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி வாங்குவது என்று முடிவாயிற்று. வழி தெரியாதவர் என்று சபையில் சொல்லாமல் அதை எப்படிக் கொடுப்பது என்பது முடிவாகவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கார் சாமான்கள் விற்கும் கடையில் மூவரும் போய் நின்றார்கள். கடைக்காரர் ஒரு ஸ்டியரிங் உறையைத் தைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"ஜிபிஎஸ்ஸா? எந்தக் காலத்துல கீற நைனா? அதான் போன்லயே மேப்பு கீதே."

"ரிடையர் ஆவறவருக்குக் குடுக்கறோம். அவர்கிட்ட பட்டன் போன்தான்" என்றார் மனோகரன். "கேமரா போன்னா எங்க கேட்ல வாங்கி வெச்சுக்கினு டோக்கன் குடுப்பாங்க. அந்தத் தொல்லை வேணாம்னு வாங்கவே இல்ல."

"அதான் ரிடையர் ஆவுறாரே? போனு வாங்கிக் குடு."

"எதுக்குன்னு கேப்பாரு."

"இத்த வாங்கிக் குடுத்தா கேக்க மாட்டாரா?"

மனோகரன் ஏசி வாசனைப் பாட்டில்களைப் பார்க்கத் தொடங்கினார். கடைக்காரர் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினார். ஒன்று தமிழில் பேசும், இன்னொன்று இங்கிலீஷில். தமிழ்க் கருவியை இயக்கியதும் ஒரு பெண் குரல், இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்புமாறு கேட்டுக்கொண்டது.

"இதுவே எடுத்துடலாம்ணே, தெளிவா சொல்லுது" என்றான் ஜஸ்டின்.

"வேணாம். கமலமும் முப்பது வருஷமா தெளிவா தமிழ்லதான் சொல்லுது. கேட்டானா?" என்றார் மனோகரன். "நம்ம ஃபேக்டரில ஆர்டர் எதுல வரும்? இங்கிலீஷ்ல. இங்கிலீஷ்ல சொன்னா கீழ்ப்படிவான். தமிழ்ல சொன்னா பதில் சொல்வான்." பிறகு கடைக்காரரிடம் தயங்கிக் கேட்டார். "தப்பா திரும்பிட்டா திட்டுமா?"

"திட்டாது சார். எத்தினி வாட்டி தப்பா போனாலும் கோச்சிக்காது. கம்முனு வேற ரூட்டு போட்டுக் குடுக்கும்."

"அப்ப இது பொம்பளை கொரலே இல்ல" என்றார் ஹேமாவதி.

இங்கிலீஷ் கருவி மயில் படம் போட்ட காகிதத்தில் சுற்றப்பட்டது. இனி மேடைப் பேச்சுதான் பாக்கி. மனோகரன் நான்கு தாள்களில் எழுதிப் பார்த்தார். 'வாழ்க்கைப் பயணத்தில் இனி' என்று தொடங்கிய தாள் பயணம் என்ற சொல்லால் கிழிந்தது. 'மகளின் இல்லம் நோக்கி' என்றது அதைவிட மோசம். வழி, திசை, திருப்பம், பாதை எதுவும் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டு எழுதிய நான்காவது தாளில் வணக்கமும் நன்றியும் மட்டும் இருந்தன. அதையே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழா அன்று காலை கேட்டில் காவலர் சிவராமன் பெட்டியை வாங்கிக் குலுக்கினார். மனோகரனின் கடிகாரங்களைப் பத்து வருடமாகக் குலுக்கி உள்ளே விடுபவர் அவர்தான்.

"என்ன சார், கனம் கம்மியா இருக்கு? கடிகாரம் இல்லையா?"

"இது வேற, சிவராமன். காருக்கு வழி காட்டற மிஷின்."

சிவராமன் குலுக்குவதை நிறுத்தினார். "வழி காட்டணும்னா, நாம நிக்கற எடம் அதுக்குத் தெரியணுமே?"

"தெரியும். அதானே அதுக்கு வேலை."

"அப்ப உள்ள விட முடியாது சார். எடத்தைப் பதிவு பண்ற எதுவும் உள்ள போகக் கூடாது."

மனோகரன் முப்பது வருடமாக இந்த விதியின் கீழ் வாழ்ந்தவர். இதே விதியைக் கடைக்காரருக்கு விளக்கியும் சொன்னவர். பெட்டிக்கும் அது பொருந்தும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பதினோரு மணிக்கு ஃபங்ஷன்யா. என்னை உனக்குத் தெரியாதா?"

"ஒங்களத் தெரியும் சார். பெட்டியத் தெரியாது." சிவராமன் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, ஒரு வட்டமான அலுமினிய டோக்கனைக் கொடுத்தார். நம்பர் நாற்பத்தேழு.

பதினோரு மணிக்கு மேடையில் சால்வை, எலுமிச்சம்பழம், வெற்றிலை வைத்த தட்டின் நடுவே அந்த டோக்கன் இருந்தது. சுப்பராயன் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன மனோ இது? முப்பத்திரண்டு வருஷத்துக்கு ஒரு டோக்கனா?"

கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் கமலம் சிரிக்கவில்லை. மனோகரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அங்கே வணக்கமும் நன்றியும்தான் இருந்தன.

"பொருள் கேட்ல இருக்குப்பா. உள்ள விட மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"செக்யூரிட்டி."

சிரிப்பு நின்றது. உள்ளே விட மறுக்கப்படுவதைவிடப் பெரிய மரியாதை எந்தப் பொருளுக்கும் அந்தத் தொழிற்சாலையில் கிடையாது. சுப்பராயன் டோக்கனை இப்போது வேறு மாதிரி பிடித்துக்கொண்டார். குரலையும் தாழ்த்தினார்.

"அப்படி என்ன பொருள்?"

"காருல மாட்டற கருவி." மனோகரனின் வாய் அதன்பின் அவரைக் கேட்காமல் பேசியது. "நல்லதா, கெட்டதான்னு எங்க யாருக்கும் தெரியல. நீ ஓட்டிப் பாத்து ரிப்போர்ட் தரணும். டிரையல்."

"எத்தனை கிலோமீட்டர்?"

"ஐந்நூறு."

"ரோடு?"

"எல்லா ரோடும்."

சுப்பராயன் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "சரி. ஃபார்ம் இருந்தா குடு" என்றார்.

மாலையில் கேட்டில் சிவராமன் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைத் தந்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சுப்பராயன் வீடு போனதாகச் சொன்னார்கள்.

அதன்பிறகு மூன்று வாரம் அவரிடமிருந்து தகவல் இல்லை. மனோகரன் போன் செய்யவில்லை. கார் விற்றாயிற்று என்ற செய்தியைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனூரில் மனோகரன் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தெரு முனையில் அந்தப் பழைய கார் திரும்பியது. வந்து, கேட்டுக்கு நேராக, தேநீர் சிந்தாதபடி நின்றது. சுப்பராயன் இறங்கினார். வணக்கம் சொல்லாமல், நலம் விசாரிக்காமல் நான்கு பக்க அறிக்கையை நீட்டினார். மனோகரன் ஒரு கையில் வாளியோடு நின்றபடியே படித்தார்.

ஓடிய தூரம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஐயப்பன்தாங்கலுக்கு ஆறு முறை. பூந்தமல்லிப் பாலத்துக்கு அடியில் கருவி சற்றுத் தாமதமாகப் பேசுகிறது. குரல் தெளிவு. குறை ஒன்று: ராணுவ நிலம் என்பதால் வரைபடத்தில் இல்லாத குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் கருவிக்கு வழி தெரிவதில்லை. திரையில் வெறும் பச்சை நிறம் காட்டி, திரும்பிப் போகச் சொல்கிறது. அவ்விடத்தில் ஓட்டுநரே கருவிக்கு வழிகாட்ட வேண்டியுள்ளது. மற்றபடி பயன்பாட்டுக்கு ஏற்றது.

"எங்க குவார்ட்டர்ஸ் நாலாவது தெருவே அதுக்குத் தெரியல மனோ" என்றார் சுப்பராயன். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை மனோகரன் பார்த்ததில்லை. "திணறுது, பாவம். நான்தான் கூட்டிக்கிட்டு வந்து ஊட்ல விடறேன்."

"கார விக்கப் போறதா..."

"எவன் சொன்னான்? என் கண்ணுக்கு என்னய்யா?"

கமலம் மறுபக்கத்திலிருந்து இறங்கினார். "அண்ணே, அந்தப் பொண்ணு திரும்புன்னா திரும்பறாரு, நில்லுன்னா நிக்கறாரு. ஊடு வந்ததும் தேங்க்யூ வேற சொல்றாரு. எனக்கு ஒரு நாள் சொல்லியிருப்பாரா?"

"டிரையல்னா ஒழுங்கா இருக்கணும், கமலம்" என்றார் சுப்பராயன்.

மனோகரன் வாளியை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பேனா எடுத்து அறிக்கையில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கீழே கையெழுத்திட்டார். அதற்குள் சுப்பராயன் டிக்கியைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த காகிதம் வெளுத்திருந்தது. மேலே கமலத்தின் கையெழுத்தில் 'புதுமனைப் புகுவிழா வாழ்த்துகள்' என்று எழுதி ஆறு வருடம் முந்தைய தேதி போட்டிருந்தது.

"இத அன்னிக்கே எடுத்துக்கிட்டுத்தான் கெளம்பினேன். நடுவுல வயித்து வலி வந்துடுச்சு."

"இப்ப தேவலையா?"

"தேவலை."

மனோகரன் காகிதத்தைப் பிரித்தார். சுவர்க்கடிகாரம்.

"ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுக்கறே. ஒனக்கு எவனும் வாங்கித் தந்திருக்க மாட்டான்னு தோணிச்சு" என்றார் சுப்பராயன். பிறகு, யாரும் அழைப்பதற்கு முன், செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்றே புது பேட்டரி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். ஆணி அடித்தது சுப்பராயன். ரயில் சத்தத்துக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் தினமும் ஏழு நிமிடம் வித்தியாசம் வருகிறது. கடிகாரத்தில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்று இருபத்திரண்டு வருடமாகச் சொன்னவர் தானே என்பதால் மனோகரன் பேசாமல் இருக்கிறார்.