படத்தில் இருந்த கள்ளி வேலி

போன வருடக் கோடையில், சுவிஸின் வின்டர்தூர் நகரில் நாங்கள் வாடகைக்கு வைத்திருக்கும் சின்னத் தோட்டத்தில் நடந்தது இது. பக்கத்துத் தோட்டம் வயதான ஒரு சுவிஸ் அம்மாவுடையது. ஒருநாள் போய்ப் பார்த்தால் எங்கள் தக்காளியில் பாதியைக் காணவில்லை. தன் வெள்ளரிக்காயோடு அதையும் ஒரே கூடையில் போட்டு, வேண்டியவர்கள் எடுக்கட்டும் என்று வாசலில் வைத்திருக்கிறார் அந்த அம்மா!

என் மனைவிக்கு வந்ததே கோபம். "கேட்டால் இல்லை எண்டோ சொல்லப்போறம்? போய்க் கதையுங்கோ" என்று என்னை அனுப்பிவைத்தாள்.

கேட்டதும் அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். இளம் வயதில் இஸ்ரேலின் பாலைவன எல்லையோரம் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணை ஒன்றில் சில வருடங்கள் இருந்தாராம். நிலம், மாடு, உடுப்பு எல்லாமே அங்கே பொது. சிலவேளை கை தன்பாட்டில் போய்விடுகிறது என்றார்.

அதன்பின் சிநேகமாகிவிட்டோம். தேநீர் குடித்தபடி அந்த ஊரின் கதையைச் சொல்வார். கூடாரத்தில் தொடங்கியது, குழாயில் தண்ணீர் வந்தது, மணலில் உருளைக்கிழங்கு விளைந்தது, ஷெல் விழும்போது பிள்ளைகளோடு பதுங்குகுழிக்கு ஓடியது. பதுங்குகுழியைப் பற்றி, ஊரில் சண்டைக்குள் வளர்ந்த எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்! பாவம், இவரும் எங்களைப் போலத்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள் பழைய படம் ஒன்றைக் காட்டி, "நாங்கள் வரும்போது இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் மணல்" என்றார். சிரித்துக்கொண்டு நின்ற இளைஞர்களுக்குப் பின்னால் கள்ளி வரிசையாக நின்றது. நடுவில் ஆள் போகுமளவு இடைவெளி.

"இது முந்தி இருந்த ஆரோ நட்ட வேலியெல்லே? அதில படலை இருந்திருக்கும்" என்று மனைவி மெல்லத் தமிழில் சொன்னாள்.

எங்கள் ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தபோது, வீடு இருக்கவில்லை. காணியில் வேறு யாரோ பயிர் செய்திருந்தார்கள். ஓரத்தில் மிஞ்சிய வேலிக் கிளுவை மரங்களை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடித்தோம்.

மனைவி என்ன சொன்னாள் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னால் அவருடைய நல்ல காலமெல்லாம் கலங்கிப்போகும். மறைத்தால் எங்கள் கிளுவை வேலியையே நான் மறுத்ததாகிவிடும். சொல்லிவிட்டேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடைவெளியால்தான் தினமும் வயலுக்குப் போனேன்" என்றார்.

பிறகு கொஞ்சக் காலம் அவரைக் காணவில்லை. இனி வரமாட்டாரோ என்று எனக்கு ஒரே கவலை. வந்த அன்று எங்கள் பாத்தியின் ஓரத்தில் நின்று, தக்காளி எடுக்கலாமா என்று கேட்டார். "ஓம், ஓம், எடுங்கோ" என்று மனைவி தமிழிலேயே பதறிச் சொன்னாள்.

இப்போதெல்லாம் அவர் கேட்டுத்தான் எடுக்கிறார். அதற்காகச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.