ஊர்க் குறியீடு மர்டோக்கின் முற்றத்தில் விழுந்த கதை

மெக்கினன் துறை என்ற கடலோரக் கிராமம் முழுவதும் மர்டோக் கில்லிஸின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாகவே வரைபடம் நம்பியது. தப்பு அவர்மேல் இல்லை. கனடாவின் அஞ்சல் குறியீடு அப்படி. ஹாலிஃபாக்ஸ் மாதிரி நகரத்தில் தெருவின் ஒரு பக்கத்துக்கே தனிக் குறியீடு கொடுப்பார்கள், எதிர்ப்பக்கத்துக்கு வேறு. கிராமம் என்றால் முதல் எழுத்துக்கு அடுத்து ஒரு சைபரைப் போட்டு, குடா, மலை, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கடிதத்துக்கு அது போதும், தபால் நிலையத்து ஆக்னஸுக்கு எல்லாரையும் தெரியும். கூரியர்காரனுக்கு யாரைத் தெரியும்? குறியீட்டைத் தட்டினால் அவன் கைப்பேசி ஊரின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைக்கும். அது மர்டோக்கின் முற்றத்தில் விழுந்தது.

மனைவி இறந்த பிறகு அந்த முற்றத்தில் வேறெதுவும் விழுந்ததில்லை. மகன்கள் இருவரும் நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில், எண்ணெய் வயல்களில். இப்போதோ காலையில் வண்டி பெட்டிகளை இறக்கும், மாலைக்குள் ஊரே வந்து நிற்கும். மர்டோக் லேசில் கொடுத்துவிட மாட்டார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்குவார்.

"இது பூட்ஸ் இல்ல ஆங்கஸ், சத்தம் வேற மாதிரி இருக்கு. பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"யோவ், குடுய்யா."

"டீ குடிச்சிட்டு வாங்கிக்க. பெட்டி எங்க ஓடிடப் போவுது?"

தார் மாதிரி இருக்கும் அந்த டீயைக் குடிக்காமல் யாரும் பெட்டி வாங்கிப் போனதில்லை.

எதிர்வீட்டு எஃபி மெக்லெலன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், தனியாள். ஒரு வசந்தத்தில் அவள் வரவழைத்த கோழிக்குஞ்சுகளும் இங்கேதான் வந்து இறங்கின. அவள் பேருந்தை விட்டு வருவதற்குள் மர்டோக் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்.

"தூங்கி வழியுதே, இது உன் பெரியண்ணன் ரானி. வாயே மூடாம கத்துதே, அது நீ."

எஃபி குஞ்சுகளை வாரிக்கொண்டு போனாள். போன வேகத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சாலைகளுக்குப் பெயர் வேண்டும், வீடுகளுக்கு எண் வேண்டும், சைபரை எடுத்துவிட்டுத் தனித்தனிக் குறியீடு வேண்டும். ஊர் சம்மதித்தால் செய்யலாம் என்று மேலிடம் சொன்னது. மாதாகோவில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மர்டோக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த சைபர் இருக்கே, அதுதான் நம்ம மரியாதை. அதை எடுத்தா நாம டவுன் ஆயிடுவோம். டவுன் ஆனா நாயைக் கட்டிப்போடுன்னுவான். சம்மதமா?"

நாய் வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். எஃபி எழுந்தாள்.

"நாயாவது பேயாவது. சைபர் போச்சுன்னா உன் வீட்டுப் பக்கம் ஒரு ஆள் எட்டிப் பார்க்காதுன்னு பயம். அதைச் சொல்லு மர்டோ."

மர்டோக் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"ஆமா, அதுதான். போதுமா? இப்ப கையைத் தூக்குங்க."

எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுக்கொண்டே அவரவர் வாசலுக்குச் சாதகமாகக் கையைத் தூக்கினார்கள்.

புதுக் குறியீடுகள் வந்தன. சாலையில் மர்டோக்கின் பக்கம் அவர் வீடு ஒன்றுதான், அதனால் ஒரு முழுக் குறியீடு அவருக்கு மட்டும் கிடைத்தது. ராஜாவுக்குக்கூட இப்படி இருக்காது என்று கடையில் நின்று பீற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் கோழிகள்தான். டீ குடிக்க ஆளில்லாமல் கெட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சமாகிக் கிடந்தது. இலையுதிர் காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஜோடி காலுறைக்கு ஆர்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு நாளில் எஃபி கதவை இடித்தாள். "உன் காலுறை என் வீட்டுக்கு வந்திருக்கு."

"அடடா! புதுக் குறியீடு இல்லையா, வயசாச்சு, மண்டைல நிக்கல."

"கடையில பாட்டு மாதிரி பாடிக்கிட்டிருந்தியே!"

"என் பக்கத்துது நிக்குது. உன் பக்கத்துதுதான் குழம்புது, குளிர்ல நிக்காத, உள்ள வா."

அடுத்து ஒரு பல்பு வந்தது. அதற்கடுத்து ஒரு கரண்டி. "ஏன்யா, எல்லாத்தையும் சேர்த்து ஒரே தடவையா வரவழைக்கத் தெரியாதா?" என்று எஃபி ஒவ்வொரு முறையும் கத்தினாள். ஒவ்வொரு முறையும் அந்த டீயைக் குடித்தாள். பனிக்காலத்தில் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இந்தக் கணக்குப் புரியாமல் போகுமா? பிப்ரவரியில் கூரியர் டக்கி மர்டோக்கின் முற்றத்தில் ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டான். கோழித்தீவனம். பெயர் எஃபியுடையது, குறியீடு மர்டோக்குடையது.

அவர் அதைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்துச் சாலைக்கு அந்தப்புறம் இழுத்துப் போனார்.

"எஃபி, உன் தீவனம் என் வீட்டுக்கு வந்திருக்கு."

"அப்படியா? வயசாச்சு பாரு," என்றாள் எஃபி, மாவுக் கையோடு. அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எல்லாருடைய பெட்டியும் சரியான வாசலுக்குப் போனது, இந்த இரண்டு வீட்டுப் பெட்டிகளைத் தவிர. டக்கி திட்டித் தீர்த்தான்.

சென்ற மே மாதம் மர்டோக் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்த வாரம் டக்கி எஃபியின் வாசலில் தயங்கி நின்றான்.

"அக்கா, எதிர்வீட்டு விலாசத்தை எடுத்துடச் சொல்லட்டா? இனி அந்தக் குறியீட்டுக்கு என்ன வரப் போவுது?"

"எடுத்துப் பாரு, உன் வண்டி டயரை நான் எடுக்கிறேன்," என்றாள் எஃபி. "வியாழக்கிழமை என் தீவனம் வருது. அங்கயே இறக்கு. நான் போய் எடுத்துக்கிறேன்."