மஞ்சளை மட்டும் வெட்டியவர்

நிகாந்த்ரோவின் கழுத்து எப்போதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தே இருக்கும். முப்பது வருஷமாகப் பைன் மரங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது. மெக்சிகோ நகரத்துக்குக் கிழக்கே, பனிமலைச் சரிவில் இருக்கும் அந்த ஊர்க்காட்டைப் பராமரிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மரத்தின் தலையை மேல், நடு, கீழ் என்று மூன்று பங்காகப் பார்ப்பார். ஒரு பங்கில் புல்லுருவி இல்லையென்றால் பூஜ்யம், கொஞ்சம் இருந்தால் ஒன்று, அடைந்து கிடந்தால் இரண்டு. மூன்றையும் கூட்டிப் பட்டையில் எழுதுவார். ஆறு என்று எழுதிவிட்டால் அந்த மரம் போன மாதிரிதான். மலையேறி வரும் வனத்துறை இன்ஜினியர்கள்கூட பைனாகுலரை இறக்கிவிட்டு, "நீங்களே சொல்லிடுங்க, தோன் நிகாந்த்ரோ" என்று, 'தோன்' போட்டு மரியாதையாகக் கேட்பார்கள். சொல்லுவார். அதில் அவருக்குக் கர்வம் இல்லாமல் இல்லை.

ஊற்றுக்கு மேலே ஒரு மேட்டில் நாற்பத்துச் சொச்சம் பழைய பைன்கள் இருந்தன. அவற்றில் இரண்டு வகைப் புல்லுருவியும் உண்டு. ஒன்று மஞ்சள், கீழ்க்கிளைகளில் பந்து பந்தாக, தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கும். மற்றது கருஞ்சிவப்பு, ஊரில் கருப்பு என்பார்கள், உச்சிக் கிளைகளில் காய்ந்த சுள்ளியைப் போல ஒட்டிக்கொண்டு, தேடினால்தான் தெரியும்.

அந்த மேட்டில்தான் தொமித்தில்லா காளான் பொறுக்குவார். நிகாந்த்ரோவின் மகள் அராசெலிக்கு அவர் ஞானத்தாய். கோயிலில் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கையில் ஏந்திய நாளிலிருந்து இவருக்கு அவர் கொமாத்ரே, அவருக்கு இவர் கொம்பாத்ரே. கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொள்ளலாம், இந்த உறவில் குரலை உயர்த்தக்கூடக் கூடாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மேட்டில் இருக்கும் மஞ்சளை முழுக்க வெட்டிவிடலாம் என்று நிகாந்த்ரோ ஊர்க்கூட்டத்தில் சொன்னார். நீளக்கழி ரம்பத்துக்கு எட்டும் உயரம், ஒரு வார வேலை. தொமித்தில்லா எழுந்தார்.

"ஒரு வார்த்தை, கொம்பாத்ரே. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அந்த மரங்கள்ல ரெண்டும் இருக்கு. மஞ்சள் கீழே, கருப்பு மேலே. ஒண்ணு எடத்துக்கு ஒண்ணு போறதில்ல. மரமும் நிக்குது. எடுக்கறதா இருந்தா ரெண்டையும் எடுங்க. ஒண்ணை மட்டும் எடுத்தா மத்தது சும்மா இருக்குமா?"

நியாயமான கேள்விதான். நிகாந்த்ரோவிடம் அதற்குப் பதில் இல்லை. உச்சி வரை ஏறி வெட்ட ஆளும் இல்லை, கயிறும் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம்.

"புல்லுருவிக்கே பாகப்பிரிவினை பண்ணிட்டாங்க நம்ம கொமாத்ரே!" என்றார். "நீங்க குனிஞ்சு காளானைப் பாருங்க. அண்ணாந்து பாக்கற வேலையை எங்கிட்ட விடுங்க."

கூடமே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "அந்தக் கருப்புக்கும் ஞானத்தாய் இவங்கதானா?" என்று கத்தினான். இன்னொரு சிரிப்பு. மஞ்சளை வெட்டலாம் என்று கைகள் உயர்ந்தன. தொமித்தில்லா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்திலிருந்து அவருக்குப் பதிலாக மகன் ஃபெர்மின்தான் வந்தான்.

முதல் இரண்டு வருஷம் மரங்கள் பளிச்சென்று இருந்தன. மூன்றாம் வருஷம், மஞ்சள் இருந்த கிளைகளில் கருப்பு முளைத்திருப்பதை நிகாந்த்ரோ பார்த்தார். அதன் காய் வெடித்தால் விதை குண்டு மாதிரித் தெறிக்கும். கீழே காலி இடம் காத்திருந்தது. பிறகு மழை பொய்த்தது, பட்டை வண்டு வந்தது. மேட்டில் பதினோரு மரங்கள் மிஞ்சின. "வறட்சிதான் காரணமோ என்னவோ, அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் இன்ஜினியர். அந்த வார்த்தையை எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் நிகாந்த்ரோவுக்கு அது ஆறுதலாக மாறவில்லை.

வழியில் பார்த்தால் தொமித்தில்லா நிற்பார். "சௌக்கியமா, கொம்பாத்ரே? அராசெலி எப்படி இருக்கா?" மரத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும் அவருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பதினொன்றையும் வெட்டும் பேச்சு வந்தது. ஃபெர்மின் ஊரில் இல்லை. நிகாந்த்ரோ எழுந்தார்.

"அன்னிக்கு என் கொமாத்ரே கேட்டது சரியான கேள்வி. பதில் தெரியாம நான் கேலி பண்ணிட்டேன். இந்தப் பதினொண்ணையாவது விட்டுடலாம்."

பாதிப்பேருக்கு எந்தக் கேள்வி, எப்போது கேட்டது என்பதே ஞாபகமில்லை. ஊர்க்கூட்டத்தின் இந்த வருஷத் தலைவி காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். "தோன் நிகாந்த்ரோ, இந்த மரங்களுக்கு நம்பர் போட்டது யாரு?"

"நான்தான்."

"என்ன போட்டிருக்கீங்க?"

"சிலதுக்கு அஞ்சு. மத்ததெல்லாம் ஆறு."

"அப்புறம் என்ன? கீழே இத்தனை கன்னு வச்சிருக்கோம். விதை அதுங்க மேலே தெறிக்காதா?"

தெறிக்கும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எல்லாரும் கை தூக்கினார்கள்.

அங்கிருந்து நேராகத் தொமித்தில்லாவின் வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் உட்கார்ந்து அவரைக்கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கொமாத்ரே, அன்னிக்கு நான் பேசினது தப்பு. இப்பதான் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வரேன்."

தொமித்தில்லா நிமிர்ந்து பார்த்தார். முகம் லேசாக மலர்ந்த மாதிரிதான் இருந்தது.

"நான் சொன்னது சரியான்னு எனக்கே தெரியாது, கொம்பாத்ரே. கேட்டேன், அவ்வளவுதான். போகட்டும். பதினொண்ணு நிக்குதில்ல? இந்த வருஷம்கூட அதுங்க அடியிலதான் அரைக்கூடை காளான் கெடைச்சுது."

"செவ்வாய்க்கிழமை வெட்டறாங்க."

கல் பொறுக்கிய விரல்கள் நின்றன. "நீங்க கை தூக்கினீங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"தூக்கினேன்."

தொமித்தில்லா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். காப்பி எடுத்துவரப் போகிறார் என்றுதான் நிகாந்த்ரோ நினைத்தார். வெகுநேரம் கழித்துக் காப்பியோடு வந்தது ஃபெர்மினின் மனைவி.

"அத்தைக்குத் தலைவலியாம். படுத்துட்டாங்க. உங்களை இருந்து குடிச்சிட்டுப் போகச் சொன்னாங்க."

பாதியில் எழுந்துபோவது மரியாதை இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையை அவளிடம் கொடுத்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிகாந்த்ரோ கிளம்பினார்.