டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் மனைவியின் அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒருநாள். விருதுநகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு விதவைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் கணவன் பந்தல்குடிப் பக்கம். என்னோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவன். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயரைப் பதியாமலே வந்து, பதியாமலே செத்தும் போய்விட்டான். ஏழு மாதமாகக் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைகிறாள் அந்த அம்மா. "நான்தான் அவுக பொண்டாட்டின்னு ஊருக்கே தெரியும், பேப்பருக்குத் தெரியலையேண்ணே" என்று அவள் சொன்னபோது எனக்குச் செத்தவன் மீது கோபம் கோபமாக வந்தது.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். திருச்சுழி வட்டாரத்தில் எந்தப் பட்டாளத்துக்காரர் வீட்டில் பேப்பர் சிக்கல் என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஹவில்தாராக ரிட்டயர் ஆனவன். கடைசி நாலு வருடம் பட்டாளத்துக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்ததால் எந்தப் படிவம் எங்கே போகும் என்பது அத்துப்படி. மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே போனில் இரண்டு பேருடைய சிக்கலைத் தீர்த்துவிடுவேன். காசு வாங்க மாட்டேன். திட்டுவேன், அவ்வளவுதான்.

அன்றைக்கும் திட்டினேன். "இவ்வளவு அலட்சியமா ஒருத்தன் இருப்பானா?" என்று அலுவலகமே கேட்கும்படி சத்தம் போட்டேன். எதிரே இருந்த எழுத்தர் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க புக்குல எல்லாம் சரியா இருக்கா சார்?"

"நம்ம புக்கு பக்காவா இருக்கும்மா" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. ஆனால் அது பொய். ஏனென்றால் என் புத்தகத்தில் மனைவி என்று எழுதியிருந்தது என் மனைவியின் பெயர் அல்ல. அவளுடைய அக்காவின் பெயர்.

நான் முதலில் கட்டியது மூத்தவளை. கல்யாணமானதும் ரெஜிமெண்ட் ரெக்கார்டில் பெயரைப் பதிந்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனேன். எட்டே மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். நான் அப்போது இருந்த இடத்துக்கு ஊர்க் கடிதம் வந்துசேர மூன்று வாரம் ஆனது. கருமாதியே முடிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, லீவும் கேட்கவில்லை. போய் எதைப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். மறுவருடம் ஊருக்கு வந்தபோது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, தங்கச்சியை எனக்குக் கட்டிவைத்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

திரும்பிப் போன நேரம் பார்த்துக் குடும்பத்தோடு தங்கப் பட்டாளம் தரும் குவாட்டர்ஸ் என் முறைக்கு வந்தது. மனைவி செத்ததையும் மறுகல்யாணத்தையும் முறையாகப் பதிந்தால் அது பல மாதம் இழுக்கும், முறையும் போய்விடும். நான் என்ன செய்தேன்? மூத்தவள் பெயரிலேயே இளையவளைக் கூட்டிக்கொண்டு போனேன். "ரெண்டு வருசம்தான், யாரும் கேட்டா அக்கா பேரச் சொல்லு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அதை மாற்றவே இல்லை. ரிட்டயர் ஆகும்போது ஒட்டின புருசன் பொண்டாட்டி ஜாயிண்ட் போட்டோவில் முகம் தங்கச்சியுடையது, கீழே பெயர் அக்காவுடையது. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அவள் சொந்தப் பெயரில். ஆக நாளைக்கு நான் கண்ணை மூடினால், பந்தல்குடி அம்மா நின்ற அதே இடத்தில் என் மனைவி நிற்பாள். சொல்லப்போனால் அதைவிட மோசம். அந்த அம்மா பெயர் பேப்பரில் இல்லை. இவள் பெயருக்குப் பதில் இறந்தவள் பெயர் இருக்கிறது.

ஊருக்கு வரும் பஸ்ஸிலேயே திட்டம் போட்டுவிட்டேன். நமக்கா வழி தெரியாது? அருப்புக்கோட்டை கோர்ட்டுப் பக்கம் தெரிந்த டைப்பிங் கடை இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு அஃபிடவிட் அடித்து நோட்டரி கையெழுத்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. வீட்டுப் பெயர் ஒன்று, ஸ்கூல் பெயர் ஒன்று என்று இருப்பவர்களுக்கு நானே எத்தனையோ தடவை அப்படி அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தார். அவளிடம் பேனாவை நீட்டினேன். எட்டாவது வரை படித்தவள், எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாள். "மேற்கண்ட இரண்டு பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும்" என்ற வரியில் நின்றுவிட்டாள்.

"இது எதுக்குங்க?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிமா. போடு."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, எங்க அக்கான்னு ஒருத்தி பொறக்கவே இல்லன்னுதான அர்த்தம்?"

நான் பதில் சொல்வதற்குள் பேனாவை மூடி என் சட்டைப் பையில் சொருகிவிட்டாள். அப்புறம் அவள் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"குவாட்டர்ஸ்ல மொத நாளு, பக்கத்து வீட்டம்மா அக்கா பேரச் சொல்லிக் கூப்பிட்டாக. நான் எம் பேருன்னு நெனச்சா திரும்புனேன்? அக்கா வந்துட்டாளோன்னுல்ல திரும்புனேன். அந்த ரெண்டு வருசமும் அப்படித்தான் திரும்பிக்கிட்டே இருந்தேன். இனிமே ஏலாதுங்க."

முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

இனி இருப்பது நேர் வழி ஒன்றுதான். அதில் எனக்கு ஆபத்து இருந்தது. பொய்ப் பெயரில் குவாட்டர்ஸில் குடியிருந்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணை வைக்கலாம், ஓய்வூதியத்தையே நிறுத்தலாம். "ஒங்களுக்கு ஏதும் வருமா?" என்று கேட்டாள். "வந்தா வரட்டும்" என்றேன். எல்லையில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை, ஆனாலும் இறங்கிவிட்டேன்.

முதலில் மூத்தவளின் இறப்புச் சான்றிதழ். சாவு எங்கேயும் பதியப்படவே இல்லை. வி.ஏ.ஓ., தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று ஒவ்வொரு படியாக ஏறினோம். "செத்த தேதிக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். நான் முழித்தேன். இவள் டிரங்குப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நீலநிற இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொடுத்தாள். என் அப்பா எனக்கு எழுதிய சாவுக் கடிதம். தபால் முத்திரையோடு அப்படியே இருந்தது. தொலைந்துவிட்டது என்று நான் எப்போதோ மறந்த கடிதம். குவாட்டர்ஸில் என் பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து இத்தனை வருடமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அதையும், மூத்தவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன இரண்டு பேரின் வாக்குமூலத்தையும் வைத்துச் சான்றிதழ் கிடைத்தது. எங்கள் கல்யாணத்துக்கும் சாட்சிகளோடு சான்று வாங்கினோம்.

பிறகு விருதுநகர். நடந்ததை மூன்று பக்கத்துக்கு எழுதி, ஒரு வரிகூட மழுப்பாமல் கொடுத்தேன். அதே எழுத்தர் அம்மா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "பக்கா புக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூசிப்போயிருப்பேன். சொல்லவில்லை. அதிகாரியிடம் கூட்டிப்போனார். அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்திலிருந்த போட்டோவைக் காட்டி என் மனைவியிடம் மட்டும் கேட்டார்:

"இது நீங்களாம்மா?"

"நான்தான் சார். பேரு மட்டும் எங்க அக்காவோடது."

அதிகாரி புத்தகத்தை மூடிவைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மறைச்சிருந்தா உங்களுக்கு அப்புறம் இந்தம்மா மாட்டியிருப்பாங்க. நீங்களே எழுதிட்டீங்க, ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புறேன். அவங்க கேக்குறதுக்கெல்லாம் இதே மாதிரி பதில் சொல்லணும்" என்றார். அட்டென்ஷனில் நின்று "சரி சார்" என்றேன்.

ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசிலிருந்து இரண்டு தடவை விளக்கம் கேட்டார்கள். எழுத்துமூலமாகக் கண்டித்தும் ஒரு கடிதம் வந்தது. அதற்கு நான் தகுதியானவன்தான். ஓய்வூதியத்தில் மட்டும் கை வைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, வெயில் ஏறின ஒரு காலையில் பதிவுத் தபால் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை வாசலில் நின்றே அவளுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். முதல் மனைவி, இன்னார், இந்தத் தேதியில் இறந்துவிட்டார். மனைவி, இன்னார், இந்தத் தேதியில் திருமணம். இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"அக்கா பேர இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, "அக்கா... ஏக்கா..." என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். இழவு வீட்டில் அழுவதுபோல அழுகை. பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். சந்தோஷமான சேதிதான் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அக்கா செத்த அன்றைக்கு அவள் எவ்வளவு அழுதாளோ எனக்குத் தெரியாது, நான் ஊரில் இல்லை. ஆனால் அக்கா பெயரைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில் அந்த அக்காவுக்காக அவளால் அழ முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போதும் போன் வருகிறது, இப்போதும் திட்டுகிறேன், வேலையை முடித்தும் கொடுக்கிறேன். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, "உங்க பேரு என்னம்மா?" என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்; என் வீட்டில் அதைக் கேட்க எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.