ஒரு அரிசி கனம் நீண்ட கண்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. உங்களையும் என்னையும் போல வேறு வழியில்லாமல்தான் வருவார்கள்.

1940களில் திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கண் டாக்டரிடம் வேலை பார்த்தேன். சோதனைக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுவதும், ஃபிரேமைக் காதுக்குத் தக்கபடி வளைப்பதும் என் வேலை. சுவரில் எழுத்து அட்டை தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. யுத்த காலம் வேறு. சென்னையிலிருந்து கண்ணாடி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

மலை மேல் ஆட்கள்

அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர் பத்து வயது மகள் கன்னியம்மாவை அழைத்து வந்தார். பலகையில் எழுதியதை அவள் படிப்பதில்லை, மந்தம், நிறுத்திவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். "தறியில நூல் அறுந்தா எனக்கு முன்னாடி இவதாங்க பார்ப்பா. இவளப் போயி மந்தம்ன்றாங்க" என்றார்.

டாக்டர் சின்ன ஆடியால் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். கிட்டப்பார்வை. பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது கலங்கிவிடும். சோதனை ஃபிரேமை மாட்டி அவளை வாசலுக்குக் கூட்டிப் போனேன். மலையைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றாள். கை மட்டும் அப்பாவின் துண்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "மலை மேல ஆளுங்க ஏறிகினு இருக்காங்க நைனா. நெதம் இப்படித்தான் ஏறுவாங்களா?"

கொடுக்காத மருந்து

பள்ளிப்பட்டு விவசாயி ஒருவர் மூன்று வயது மகனோடு வந்தார். அண்ணன் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதிலிருந்து அவருக்குப் பயம். டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தூரப்பார்வை இருக்கு. குழந்தைங்க பொதுவா அப்படித்தான் பிறக்கும், கண்ணு குட்டையா இருக்கும். வளர வளர சரியாயிடும். ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க" என்றார். ஒரு சொட்டு மருந்துகூடத் தரவில்லை என்று அவர் முகம் தொங்கிப் போய்விட்டது.

சொன்னபடி இரண்டு வருஷம் கழித்து வந்தார். டாக்டர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்தார். குறை அநேகமாக மறைந்திருந்தது. என் பக்கம் திரும்பி, "கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்கு. அது பிம்பம் சரியா விழற தூரத்துக்குத் தானே நகர்ந்து வந்து நின்னிருக்கு. நாம ஒரு ஃபிரேம் மாட்ட எத்தனை தடவை அளக்கறோம்?" என்றார். நான் பையனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோலி விளையாடும் அவசரத்தில் இருந்த அவனுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அப்பா டாக்டரைக் கும்பிட்டுச் சொன்னார்: "மருந்தே குடுக்காம சொஸ்தப்படுத்தின டாக்டரு நீங்க ஒருத்தர்தாங்க."

இறக்கி விட்ட பாவாடை

கனகம்மாசத்திரத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவின் மகள் சரோஜா. ஒன்பது வயதில் கண்ணாடி போட்டாள். அடுத்த வருஷம் அது போதவில்லை, அதற்கடுத்த வருஷமும் போதவில்லை. கண்ணாடிதான் கண்ணைத் தின்கிறது என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்த வாரமே ரோட்டைக் கடந்த பெண் பஸ்ஸுக்குக் குறுக்கே போய்விட்டாள். டிரைவர் சட்டென்று நிறுத்தியதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் அம்மா பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் திட்டவில்லை. "கண்ணாடி கெடுக்கலம்மா. வளர்ற வயசு. உடம்போட கண்ணும் வளருது. நிக்க வேண்டிய இடத்துல நிக்காம ஒரு அரிசி கனம் பின்னால நீண்டுடுச்சு. பெரியவளானா பெரும்பாலும் அதுவும் நின்னுடும்" என்றார். அந்த அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு அரிசிக்கு மட்டும் இடம் விட்டுப் பார்த்தார். என் விரலும் தன்னால் அப்படியே செய்தது. அவ்வளவு சின்ன இடைவெளியில் ஒரு பஸ்ஸே மறைந்து போயிருக்கிறது.

சில வாரம் கழித்து வந்த புதுக் கண்ணாடியை மகளுக்குத் தம் கையால் மாட்டிவிட்டு அம்மா சொன்னார்: "வருசா வருசம் இவ பாவாடைய நாந்தான் இறக்கி விடறேன். கண்ணும் அப்படித்தான்னு எனக்குத் தோணலயே சாமி."

அளவுகோல் இல்லாமலே தன் அளவைத் தேடிக்கொள்ளும் கண், எங்கோ ஒரு அரிசி கனம் தவறியதால்தான் எனக்குச் சோறும் உங்களுக்கு மூக்கின் மேல் கண்ணாடி பதிந்த இரண்டு குழியும் கிடைத்தன.