பேர் கேட்காத ஆயாம்மா

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்துதான் எங்கள் பிள்ளை பிறந்தது. அதிலிருந்து மனைவிக்கு உட்கார்ந்தாலே தலைவலி மண்டையைப் பிளந்தது. அவள் கை ரத்தத்தை எடுத்து அதே முதுகில் செலுத்தினால் நிற்கும் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை.

காரணம், வார்டு ஆயா. கைமுட்டியை இடுப்பில் அழுத்திக்கொண்டே நடப்பார். பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசிக்குப் பின் வந்த வலி என்பார்.

"உங்களுக்கே இன்னும் வலிக்குதே, ஆயாம்மா?"

"முதுகு கெடக்கட்டும் தம்பி. அந்தத் தலவலிக்கு ரெண்டாவது ஊசி வேணாம்னு நானும் பயந்தேன். பதினஞ்சு நாளு புள்ளய மடியில வெக்க முடியல. போடுங்க கையெழுத்த."

போட்டேன். சாயங்காலம் மனைவி உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஆயாவிடம் எங்கள் ஊர்க் கோயில் திருநீற்றை நீட்டினேன். இரண்டு கையிலும் வாளி. நெற்றியைக் காட்டினார், இட்டுவிட்டேன்.

கடலூரில் எங்கள் கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்குப் பேர் கேட்கும்போதெல்லாம், ஆயாம்மாவின் பேரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று நிற்கிறேன்.