மூன்று டவருக்கு ஒரு ஆள்

ராபர்ட் கடலூர் முதுநகர்க்காரன். சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்த கையோடு, 2005இல் ஊருக்குத் தெற்கே ஒரு ரசாயன ஆலையில் பேனல் ஆபரேட்டராகச் சேர்ந்தான். அழுக்கான கரைப்பானைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, சுத்தமாக வடித்தெடுக்கும் டவர்கள் அங்கே மூன்று இருந்தன. டவருக்கு ஒருவர் கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்கார்ந்து ஸ்டீமைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவார்கள். பக்கத்து நாற்காலி கலியமூர்த்திக்கு. புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ராபர்ட்டைவிடப் பத்து வயது மூத்தவர். ராபர்ட் அவரை மாமா என்பான். அவருக்கு அவன் மச்சான். சர்ச்சும் கோவிலும் அதற்குக் குறுக்கே வந்ததில்லை.

2009இல் புதுக் கட்டுப்பாட்டு மென்பொருள் வந்தது. கொண்டுவந்தவன் செந்தமிழ்செல்வன் என்ற இளம் இன்ஜினீயர். ஸ்டீமைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, டவர் என்ன செய்கிறது என்று பார்ப்பான். பிறகு குறைத்துப் பார்ப்பான். வாரக்கணக்கில் இதுதான் வேலை. கூடவே நின்று வால்வுகளை நகர்த்திக் கொடுத்தது ராபர்ட்.

"இன்னும் அரைமணி கழிச்சி டவர் எப்டி இருக்கும்னு இது முன்கூட்டியே கணக்குப் போடும் ராபர்ட். அதுக்கேத்தாப்ல இப்பவே வால்வ நகர்த்திடும்."

சொன்னபடியே நடந்தது. ஸ்டீம் செலவு இறங்கியது, சரக்கின் தரம் ஒரே சீராக நின்றது. ராபர்ட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. மத்தியானச் சோற்றை ஆறுமுன்னே சாப்பிட முடிகிறதே என்று மனைவி சிந்துஜாவிடம் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த வருஷம் மேனேஜர் மூன்று டவரையும் ஒரே ஆளிடம் கொடுத்தார். ராபர்ட்டின் ஷிப்டில் அந்த ஆள் அவன்தான். ஒருவர் வேறு பிளாண்டுக்குப் போனார். கலியமூர்த்தி வெளியே, பம்ப்புகளுக்கும் பைப்புகளுக்கும் நடுவில் போடப்பட்டார்.

"உனுக்கு ஏசி, எனுக்கு வெயிலு. போவட்டும் மச்சான், உடம்பாவது எளைக்கும்" என்றார்.

ராபர்ட்டும் சிரித்துவைத்தான். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மென்பொருளை நிறுத்தினால் மறுநாள் மீட்டிங்கில் காரணம் சொல்லவேண்டும். அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. மாதங்கள் போகப் போக, ராபர்ட் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தானே தவிர, டவரை ஓட்டவில்லை.

2011 கோடையில் ஒரு முற்பகல், கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. ஆவியைக் குளிரவைக்கும் நீர்ப் பம்ப் நின்றுவிட்டது. மென்பொருள் தன்னால் முடியாது என்று விலகி, மூன்று டவரையும் மேனுவலுக்கு, அதாவது கையால் ஓட்டும்படி, தள்ளியது. அலாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தின. இரண்டு டவருக்கு ராபர்ட் ஸ்டீமை மூடிவிட்டான். மூன்றாவதில் அவன் விரல் மென்பொருளைத் திரும்பக் கிளப்பும் பட்டனுக்குப் போனது. அழுத்தினான். வரவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

வாக்கிடாக்கியில் கலியமூர்த்தி: "மச்சான், பிரஷர் ஏறுது. நான் ஸ்பேர் பம்ப்பப் போடப் போறேன். ஸ்டீம மூடிட்டியா?"

"மூடறேன் மாமா."

பட்டனைவிட்டு அவன் வால்வுக்கு வருவதற்குள் வெளியே சத்தம் கேட்டது. பம்ப்புக்கு மேலே போன மூன்றாவது டவரின் பைப் இணைப்பு பிய்த்துக்கொண்டு, கொதிக்கும் கரைப்பான் கலியமூர்த்தி மேல் கொட்டிவிட்டது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். ராபர்ட் வராந்தாவிலேயே இருந்தான். உள்ளே போய் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நாள் உடலை மூடி வெளியே கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்தபின் புவனகிரிக்குப் போனான். கலியமூர்த்தியின் மனைவி செல்லாயி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மிஷின ஏன் தம்பி நீ நிறுத்தல?"

"மிஷினு அப்பவே நின்னுடிச்சிக்கா. ஓட்ட வேண்டியவன் நான். எனுக்குக் கை வரல."

செல்லாயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மூணு பேரு பாத்த வேலைய உன் ஒருத்தன் தலையில வச்சப்போ, முடியாதுன்னு சொன்னியா?"

ராபர்ட் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகத்தில், தொழிற்சாலை ஆய்வாளர்கள் விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்தினம் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். "ஆபரேட்டர் தாமதம்னு மட்டும் சொல்லு. அது உண்மைதான? உன் வேலைக்கு நான் பொறுப்பு."

உண்மைதான். அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை. சிந்துஜா அழுதாள். "ரெண்டு புள்ளைங்க இருக்குது. அவர் சொல்றதச் சொல்லிட்டு வாங்களேன்."

விசாரணையில், "தாமதம் என்னுதுதான் சார்" என்றான் ராபர்ட். மேனேஜர் தலையசைத்தார். அவன் நிறுத்தவில்லை. "மூணு டவருக்கு நான் ஒரே ஆளு. கையால ஓட்டிப் பாக்க எங்கள விடவே இல்ல. மென்பொருள நிறுத்துனா அதையே குத்தமாக் கேட்டாங்க."

செந்தமிழ்செல்வனைக் கேட்டார்கள். மாதம் ஒருநாளாவது ஆட்கள் கையால் ஓட்டிப் பழகவேண்டும் என்று தான் சொன்னதாகவும், உற்பத்தி கெடும் என்று மேனேஜர் மறுத்துவிட்டதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு வடக்கே எங்கோ போய்விட்டான்.

ஆலை ராபர்ட்டை நீக்கியது. டவர்களுக்கு இரண்டாவது ஆபரேட்டரைப் போட்டார்கள். சில மாதத்தில் அந்த ஆளையும் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டான். வேறு ஆலைகளில் கேட்டுப் பார்த்தான். விபத்தில் பெயர் அடிபட்டவனை யாரும் சேர்க்கவில்லை. கடைசியில் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றும் வேலை கிடைத்தது.

2012இல் கலியமூர்த்தியின் வருஷத் திதிக்குப் போனான். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தான். செல்லாயிதான் பரிமாறினாள். அவன் இலைக்கும் சோறு வைத்துவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள். ராபர்ட் குனிந்து சாப்பிட்டான். இலையை மடித்துவிட்டு, கடலூர் பஸ்ஸுக்கு நடந்தான்.